இரண்டு ஸ்பீக்கரும் ஒரு ரப்பர் செடியும்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை எனக்கு. இருபத்திரண்டு வருடமாக மூன்றாம் நடைமேடையின் மூலையில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது இன்றைக்கு வரவே வராது என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னதைச் சொன்ன மாத்திரத்தில் புரிந்துகொண்ட பயணி இதுவரை பிறக்கவில்லை. மேலே தகரக் கூரை, தூணுக்குத் தூண் குழாய் ஸ்பீக்கர், கீழே ஓயாத இன்ஜின் சத்தம். "ஏழரை மணி வண்டி இரண்டாம் நடைமேடையிலிருந்து புறப்படும்" என்று நான் சொன்னால், அது கூரையில் நாலு தடவை முட்டிக்கொண்டு, கடைசியில் பெரிய கொட்டாவியாகக் கீழே இறங்கும். அறிவிப்பு முடிந்த கையோடு பத்துப் பேர் என் ஜன்னலுக்கு வந்து, "இப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்பார்கள். மைக்கை அணைத்துவிட்டு வாயால் சொல்வேன். உடனே புரிந்துவிடும். டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் 'கரகரப்பு'. கூப்பிடும்போது மட்டும் மரியாதை குறையாது. "கரகரப்பு சார், டீ குடிக்க வரீங்களா?" என்பார்கள்.

இந்த லட்சணத்தில் இருந்த நான் நல்ல சத்தம் என்றால் என்ன என்று ஊருக்கு உபதேசம் செய்யக் கிளம்பினேன். அதற்குக் காரணம் என் சகலை.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். டைல்ஸ் ஷோரூம் ஒன்றில் மேலாளர். நல்ல மனிதர். அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான். கோபித்துக்கொள்ள ஒரு சாக்கு, சண்டை போட ஒரு வார்த்தை, எதுவும் அவரிடம் கிடைக்காது. எங்களைவிட ஒவ்வொரு பொருளையும் ஒரு வருடம் முன்னால் வாங்குவார். வாங்கிவிட்டு, "உங்களுக்கும் ஒண்ணு பாக்கட்டுமா சகலை?" என்று உண்மையான அக்கறையோடு கேட்பார். அது இன்னும் கஷ்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும், "இப்ப ஒண்ணு காட்டறேன்" என்று திரைச்சீலையை இழுத்துவிட்டார். டிவிக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, எங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் இரண்டு. போதாததற்கு மூலையில் அரிசி டின் அளவுக்கு ஒரு பெட்டி. இடி இடிக்கிற வேலை அதற்கு. படத்தில் ஒரு ஹெலிகாப்டர் வந்தது. என் மனைவி "ஐயோ!" என்று தலையைக் குனிந்தாள். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படித் தலை குனிந்ததில்லை.

அந்த வயிற்றெரிச்சலில்தான் வாயைக் கொடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு சகலை. ஆனா மனுஷனுக்குக் காது எத்தனை? ரெண்டு. அப்புறம் எதுக்கு அஞ்சு ஸ்பீக்கர்? நல்லதா ரெண்டு இருந்து, அதைச் சரியா வைக்கத் தெரிஞ்சா, சினிமா இதைவிடச் சுத்தமாக் கேக்கும்."

"அப்படியா?" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்குத் தெரியாததா! நீங்க சவுண்டு லைன்லயே இருக்கறவராச்சே. அப்ப ஒரு நாள் உங்க வீட்டுல வந்து கேட்டுடுவோம்."

கிண்டல் இல்லை. மனதாரச் சொன்னார். என் வீட்டில் அன்றைக்கு இருந்தது டிவிக்குள்ளேயே இருந்த ஸ்பீக்கர். அதில் செய்தி வாசிக்கிறவர், தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டு உதவி கேட்கிறவர் மாதிரிப் பேசுவார்.

ஒரு மாதம் தேடினேன். எங்கள் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த நடனப் பள்ளி இடம் மாறுகிறது, பழைய சாமான்களைக் கொடுக்கிறார்கள் என்று, வண்டி வந்துபோகும் நேரத்தைக் குறிக்கிற எங்கள் டைம் கீப்பர் வந்து சொன்னார். போனேன். என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு மர ஸ்பீக்கர்கள், இரண்டையும் ஓட்ட ஒரு ஆம்ப்ளிஃபயர். மூன்றையும் வாங்கி, ஒரு சின்ன வேனில் ஏற்றி, நானும் டைம் கீப்பரும் மூச்சு வாங்க இரண்டாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். என் மனைவி கதவைத் திறந்து, வாசலில் நின்ற இரண்டையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு இவங்க ரெண்டு பேரும்? எத்தனை நாள் தங்குவாங்க?"

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் வேலை. மருத்துவர்களின் கையெழுத்தைப் படிப்பதுதான் பிழைப்பு. கோழி கிளறினது போல ஒரு சீட்டை நீட்டினாலும் ஒரு நொடி பார்ப்பாள், நேராகப் போய் மூன்றாவது தட்டிலிருந்து சரியான டப்பாவை எடுப்பாள். எதையும் முழுக்கப் படிக்காமல் தொடமாட்டாள். நான் எதையும் தொட்டுக் கெடுத்த பிறகுதான் படிப்பேன். சில சமயம் அப்போதும் படிக்கமாட்டேன்.

படம் போடுவதற்குப் புதிதாக ஒரு டிஸ்க் பிளேயரும் வாங்கியிருந்தேன். அதன் முதுகில் ஒயர் செருக ஆறு ஓட்டைகள். 'முன் இடது', 'முன் வலது' என்று எழுதியிருந்த இரண்டில் ஒயரைச் செருகினேன். காலியாக இருந்த மற்ற நாலையும் பார்த்து, 'பாவம், இதெல்லாம் சகலை மாதிரி ஆட்களுக்கு' என்று சிரித்துக்கொண்டேன். கூட வந்த கையேட்டை டீ டம்ளர் வைக்க உபயோகித்தேன்.

முதல் வாரம் எல்லாக் குரலும் சோபாவுக்கு அடியிலிருந்து வந்தது. கிணற்றுக்குள் விழுந்தவன் பேசுகிற மாதிரி, திக்கே தெரியாத ஒரு சத்தம். ஆம்ப்ளிஃபயரைப் புரட்டிப் பார்த்தால், ஒரு ஸ்பீக்கருக்கு சிவப்பு ஒயரை சிவப்பிலும், இன்னொன்றுக்கு சிவப்பைக் கறுப்பிலும் மாட்டியிருந்தேன். ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்திருக்கிறது. மாற்றி மாட்டினேன். சரியாகிவிட்டது. நானே தப்புச் செய்து நானே கண்டுபிடித்த அந்த வெற்றியில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நாம் உட்கார வேண்டும் என்று எங்கோ படித்தேன். துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து அளந்து, தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டேன். சுவரோடு ஒட்டினால் சத்தம் உப்பும் என்று இரண்டையும் இரண்டடி முன்னால் இழுத்தேன். கண்ணாடி ஜன்னலுக்குக் கனமான திரை, வெறும் தரைக்குக் கம்பளம், பின் சுவருக்குப் புத்தக அலமாரி. சோபா ஹாலின் நட்டநடுவுக்கு வந்தது. சமையலறையிலிருந்து வாசலுக்குப் போக வேண்டுமானால், என் மனைவி தண்ணீர்க் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்க வேண்டும்.

முக்கோணத்தின் முனையில் ஓர் ஆள் மட்டும்தான் உட்கார முடியும். அந்த ஆள் நான்.

"நடுவுல உக்காந்தா சினிமா, ஓரத்துல உக்காந்தா ரேடியோவா?" என்று அவள் கேட்டாள்.

"தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுக்கோ."

"உங்க மடியில சாய்ஞ்சாத்தான் கேக்கும் போல. இந்த வயசுல அது ஒண்ணுதான் குறைச்சல்."

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு மாலை பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டேன். பாட்டு வந்தது. பாடுகிற குரல் இடது ஸ்பீக்கரிலிருந்தும் வரவில்லை, வலதிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே, ஸ்பீக்கரே இல்லாத இடத்தில், அந்தப் பெண்ணின் வாயிலிருந்தே வந்தது. எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி அங்கே நின்று பாடுகிறாள். இருபத்திரண்டு வருடம் கொட்டாவியாக வெளியேறிய குரலுக்குச் சொந்தக்காரன் நான். ஒரு குரல் இவ்வளவு சுத்தமாக ஓர் இடத்தில் நிற்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. மனைவி பார்த்துவிடப் போகிறாளே என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

சிக்கல் புதுப் படங்களில்தான் வந்தது. மழை பெய்தால் ஜன்னலை மூடத் தோன்றும். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடத் தோன்றும். ஆனால் ஆட்கள் பேசினால் ஒன்றும் கேட்காது. வாய் அசையும், பக்கத்துத் தெருவிலிருந்து முணுமுணுப்பது போல ஏதோ வரும். சத்தத்தைக் கூட்டினேன். பேச்சு முணுமுணுப்பிலிருந்து கிசுகிசுப்புக்கு வந்த நேரம் படத்தில் குண்டு வெடித்தது. கீழ்வீட்டு வக்கீல், ஒரு கன்னத்தில் சவர நுரையோடு மேலே ஓடிவந்தார்.

"சார், சிலிண்டரா?"

"இல்ல சார். சினிமா."

அவர் என்னையும், சாக்பீஸ் முக்கோணத்தையும், நடு ஹாலில் நின்ற சோபாவையும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். என் மனைவி மெதுவாக ரிமோட்டை எடுத்து, வசனம் திரைக்கு அடியில் ஓடும்படி எழுத்தைப் போட்டுவிட்டாள். "நமக்குத் தெரிஞ்ச பாஷைப் படத்தையே படிச்சுப் பாக்கறது நம்ம வீட்டுலதான்" என்றாள். பழைய படம் நன்றாகக் கேட்கிறது, புதுப் படம் கேட்கவில்லை. ஆகவே குற்றம் புதுப் படங்களின் மேல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இந்தக் காலத்தில் யாருக்கும் ஒலிப்பதிவு செய்யத் தெரியவில்லை என்று டீக்கடையில் பேசினேன். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல்.

சகலை மறக்கவில்லை. "என்ன சகலை, எப்ப வரட்டும்?" என்று போன் மேல் போன். தட்டிக்கழிக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குக் கூப்பிட்டேன். அவரும் என் கொழுந்தியாளும் வந்தார்கள். சமாதானத்துக்காகக் கீழ்வீட்டு வக்கீலையும் அழைத்திருந்தேன். அவர் மனம் குளிரட்டும் என்று ஒரு நீதிமன்றப் படமாகப் பார்த்துப் போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல. நூறு படங்கள் இருக்க, முழுக்க முழுக்கப் பேச்சாகவே இருக்கிற படத்தைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்தும் போடக்கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அது கௌரவப் பிரச்சினை.

சகலையை முக்கோணத்தின் முனையில் உட்கார வைத்தேன். படம் தொடங்கியது. நீதிமன்றத்தில் காகிதம் புரளும் சத்தம் அருமை. யாரோ நாற்காலியை இழுத்தார்கள், அதுவும் அருமை. படத்து வக்கீல் எழுந்து பத்து நிமிடம் கைகளை வீசி வாதாடினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீதிபதி ஏதோ சொன்னார். கூட்டம் 'ஓ' என்று அதிர்ந்தது. அந்த 'ஓ' மட்டும் ஹாலே நடுங்கும்படி கேட்டது.

"மாமா, அந்த ஆளு இப்ப என்ன சொன்னாரு?" என்று கொழுந்தியாள் கேட்டாள்.

அவள் என் கூண்டு ஜன்னலில் வந்து நிற்பது போலவே இருந்தது எனக்கு. "அது டைரக்டரோட பாணிம்மா. பேச்சை அமுக்கிட்டு உணர்ச்சியை மட்டும் விடறாரு."

கீழ்வீட்டு வக்கீல் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "கட்சிக்காரன்கிட்ட காசு வாங்காம வந்துட்டாரோ? இவ்வளவு மெதுவா நான் வாதாடினதே இல்ல" என்றார்.

படம் முடிந்தது. கொலை செய்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. சகலைக்கு என்னைப் புண்படுத்த மனமில்லை. நல்லதாக ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தவித்தார்.

"சகலை, எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த ஃபேன் சத்தம். அப்படியே நம்ம தலைக்கு மேல சுத்தற மாதிரியே இருந்துச்சு."

"அது நம்ம ஃபேன்" என்றாள் என் மனைவி.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் ஸ்பீக்கர்களின் முகத்தில் விழிக்கவில்லை. பிறகு மறுபடி எங்கோ படித்தேன். அகலமான இலையுள்ள செடி ஒன்றை மூலையில் வைத்தால், சுவரில் மோதித் திரும்புகிற சத்தத்தை அது சிதறடிக்கும், குரல் தெளியும் என்று இருந்தது. டைம் கீப்பர் அறையில் ஒரு ரப்பர் செடி இருந்தது. கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதை டிவிக்கு இடது மூலையில் வைத்தேன். சனிக்கிழமை காலை முறை எனக்கு, வேலைக்குப் போய்விட்டேன். மனைவிக்கு அன்று விடுமுறை. மூன்று மணிக்கு வீடு திரும்பி, அந்த நீதிமன்றப் படத்தையே போட்டேன்.

"கனம் நீதிபதி அவர்களே!" என்றது டிவி.

ஒவ்வொரு வார்த்தையும் முத்து முத்தாக, படத்து வக்கீலின் வாயிலிருந்தே வந்தது. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுதா?" என்று கத்தினேன்.

"கேட்டுது."

"செடி! செடிதான்! நான் சொன்னேன்ல?" ஓடிப்போய் அந்தத் தொட்டியைக் கட்டிக்கொண்டேன்.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். என்னையும் தொட்டியையும் பார்த்தாள். மூடிக்கொண்டு அடுத்த துணியை எடுத்தாள்.

அடுத்த ஆறு வாரம் நான் நடமாடும் ரப்பர் செடி விளம்பரம். சகலைக்கு அன்றே போன் செய்தேன். அவர் இரண்டு செடிகள் வாங்கி டிவிக்கு இருபுறமும் வைத்தார். கீழ்வீட்டு வக்கீலும் ஒன்று வாங்கினார். தானம் கொடுத்த டைம் கீப்பர் வருத்தப்பட்டு, தனக்கென்று புதிதாக ஒன்று வாங்கினார். என் கூண்டிலும் ஒரு தொட்டி வைத்தேன். அறிவிப்பு எப்போதும் போலக் கொட்டாவிதான் விட்டது. இது வேறு ஜாதிச் செடி, இலை மெல்லிசு என்று டிரைவர்களுக்கு விளக்கம் சொன்னேன். இலை எத்தனை விரல் அகலம் இருக்க வேண்டும், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்றெல்லாம் நானாகவே விதிகள் உண்டாக்கினேன். கேட்டவர்கள் குறித்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்னதை மனிதர்கள் ஒழுங்காகக் கேட்டது அந்த ஆறு வாரம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி பகல் முறைக்குக் கடைக்குப் போயிருந்தாள். இருப்பது போதாதென்று எனக்குப் பேராசை வந்தது. பிளேயரில் பழைய குப்பையெல்லாம் சேர்ந்திருக்கும், அதைத் துடைத்தால் சத்தம் இன்னும் சுத்தமாகும் என்று தோன்றியது. ரிமோட்டில் எதையெதையோ அழுத்தி, 'எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்கு மாற்றவா?' என்று அது கேட்டதற்கு, ஆமாம் என்றேன். படத்தைப் போட்டேன். மழை கேட்டது. கதவு கேட்டது. பேச்சு போயே போய்விட்டது.

பிளேயரின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நேராகச் செடியிடம் போனேன். ஓர் அங்குலம் இடது, ஓர் அங்குலம் வலது. தொட்டியைத் திருப்பினேன். ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். உரம் போட்டேன். மதியம் சாப்பிடக்கூட இல்லை. நாலு மணிக்கு எனக்கு ஞானம் பிறந்தது. உச்சியில் புதிதாக ஓர் இலை விட்டிருந்தது. அதுதான் கணக்கைக் கெடுக்கிறது! கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள். தரையில் பால் வடியக் கிடந்த தளிரைப் பார்த்தாள்.

"எதுக்கு வெட்டினீங்க?"

"புது இலை. அதுதான் குரலைக் குடிக்குது."

அவள் கைப்பையை வைத்துவிட்டுச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "அந்த ரிமோட்டைக் கொடுங்க" என்றாள். நாலு தடவை அழுத்தினாள். திரையில் ஒரு கேள்வி வந்தது: 'எத்தனை ஸ்பீக்கர்கள் இணைக்கப்பட்டுள்ளன?' கீழே 'ஐந்து' என்ற இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. அதை 'இரண்டு' என்று மாற்றினாள். படத்துக்குத் திரும்பினாள்.

"கனம் நீதிபதி அவர்களே!"

தொட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"புதுப் படத்துல பேச்சு எல்லாம் நடு ஸ்பீக்கருக்குன்னு தனியாப் போட்டிருப்பாங்களாம்" என்று, மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்குகிற அதே குரலில் சொன்னாள். "நம்மகிட்ட நடு ஸ்பீக்கர் இல்ல. இல்லைன்னு அதுக்கு யாரும் சொல்லல. அதுபாட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. பின்னாடி காலியா ஓட்டை இருக்கே, பேச்செல்லாம் அங்கயே நின்னுபோச்சு. ரெண்டுதான்னு சொல்லிட்டா, அந்தப் பேச்சையும் பிரிச்சு ரெண்டுலயும் சேத்து விட்டுடும். பழைய படத்துல மொதல்லயே ரெண்டுதான், அதனால தொந்தரவு இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"புக்குல பதினேழாம் பக்கம். அன்னைக்கு சனிக்கிழமை லீவுல உக்காந்து படிச்சேன். டீக் கறை இருந்துச்சு, ஆனா எழுத்து தெரிஞ்சுது."

"சனிக்கிழமைன்னா... செடி வச்ச மறுநாளா?"

அவள் தலையாட்டினாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை கேட்டிருக்கிறேன். பழம் விழுந்ததற்குக் காக்கையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊர்வலம் போனவனை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் டிவித் திரையில் மங்கலாகத் தெரிந்த என் சொந்த முகத்தில்.

"ஏன் சொல்லல?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது. "ஊர் பூராச் சொல்லிட்டு வந்திருக்கேன்!"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்க தொட்டியைக் கட்டிக்கிட்டு நின்னீங்க. அப்படி ஒரு சந்தோஷம் உங்க முகத்துல நான் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு! நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன்." என்றாள். "அப்புறம் செடி இருக்குன்னு சோபாவை ஓரமாப் போட விட்டீங்க, சாமானை நகத்தறதையும் நிறுத்திட்டீங்க. ஆறு வாரமா நான் இந்த ஹால்ல நேரா நடந்து போறேன். சுயநலம்தான், வச்சுக்கோங்களேன்."

கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. அதற்கு நிற்க இடமில்லை. நான் வெட்டிய தளிரை அவள் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினாள். அது பிழைக்கவில்லை.

அடுத்து வந்த நாட்கள்தான் கொடுமை. செடி வாங்கியவர்களிடம் எல்லாம் போய்ச் சொல்ல வேண்டும். டைம் கீப்பர் கேட்டுவிட்டு, "அப்ப என் செடியைத் திருப்பிக் கொடுங்க" என்றார், அவ்வளவுதான். கீழ்வீட்டு வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. "செடி வச்ச நாள்லேருந்து மேல உங்க வீட்டுச் சத்தமே எனக்கு வரல. நான் எடுக்க மாட்டேன்" என்றார். பேச்சு கேட்கத் தொடங்கியதும் நான் சத்தத்தைக் குறைத்ததுதான் காரணம் என்று எவ்வளவோ சொன்னேன். "சாட்சியம் இருக்கா?" என்றார். வந்துவிட்டேன்.

சகலையிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் போனேன். டிவிக்கு இருபுறமும் அவருடைய செடிகள் துவாரபாலகர்கள் மாதிரி நின்றன. "வாங்க, வாங்க! செடி வச்சதுல எவ்வளவு வித்தியாசம் தெரியுமா!" என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசி, பதினேழாம் பக்கம் வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சகலை, நானும் ஒண்ணு சொல்லணும். பின்னாடி சுவத்துல ரெண்டு ஸ்பீக்கர் இருக்கே, அது வேலை செய்யல."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே. ஒயரைத் தரைக்கு அடியில போட்டேன். டைல்ஸ் பதிக்கும்போது எங்கயோ அறுந்துபோச்சு. பதிச்சவங்க எங்க கடை ஆளுங்க, பக்கத்துலயே நின்னு பாத்தது நானு. இப்ப உடைச்சுப் பாக்கணும்னா இவகிட்ட என்ன சொல்றது? இத்தனை மாசமா அப்படியே கிடக்கு."

"அன்னைக்கு ஹெலிகாப்டர் நம்ம தலைக்கு மேல போய்ப் பின்னாடி போச்சே!"

"போச்சுன்னுதான் நானும் நெனச்சுக்குவேன்" என்றார் சகலை.

இருவரும் திரும்பி அந்த ஊமை ஸ்பீக்கர்களைப் பார்த்தோம். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவருக்கு. கொழுந்தியாள் கதவைத் திறந்து, "என்ன மாமா, என்ன ஆச்சு?" என்று கேட்டபோது எங்கள் இருவருக்குமே பதில் சொல்ல மூச்சு இல்லை. பத்து வருடப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் அந்த மனிதரை எனக்கு உண்மையாகவே பிடித்தது. குறை ஒன்று கண்ணில் பட்டதும் மனது எவ்வளவு லேசாகிவிடுகிறது பாருங்கள். என் புத்தி அப்படி.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் தரையை உடைக்காமல், சுவரோரமாக ஒயர் இழுத்துக் கதவு நிலைக்கு மேலே கொண்டுபோய் அந்த இரண்டையும் பேச வைத்தோம். இந்தத் தடவை முதலில் கையேட்டைப் படித்தோம். படித்தோம் என்றால், என் மனைவி படித்தாள், நாங்கள் கேட்டோம்.

விஷயம் எப்படியோ தெருவில் பரவிவிட்டது. சினிமாவில் பேச்சு கேட்கவில்லை என்ற குறை முக்கால்வாசி வீட்டில் இருக்கிறது, சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்கிறார்கள். கதவை நான் திறந்தால், "அக்கா இல்லையா?" என்கிறார்கள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய், அவர்கள் வீட்டுக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பாள். பாதி வீடுகளில், எத்தனை ஸ்பீக்கர் என்ற அந்த ஒரு கேள்விக்குப் பதிலை மாற்றினாலே போதும். மீதியில் ஸ்பீக்கரை அலமாரிக்குள் திணித்திருப்பார்கள், வெளியே எடுத்துக் காது உயரத்துக்கு வைக்கச் சொல்வாள். சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் சமாச்சாரம் வந்தால் மட்டும் என் பக்கம் திரும்பி, "இதுல இவருக்கு அனுபவம் உண்டு" என்பாள். நான் டார்ச்சோடு டிவிக்குப் பின்னால் புகுவேன்.

போன வாரம் நாலாவது வீட்டுத் தையல்காரர் வீட்டில் வேலை முடிந்து கிளம்பும்போது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்கா, இவரு உங்க அசிஸ்டென்டா?" என்று கேட்டார்.

"இப்பத்தான் சேர்ந்திருக்காரு" என்றாள் அவள். "கத்துக்குவாரு."